டெல்டா வீடுகளில் நன்னீர் இறால் தொட்டி: அடிப்படுகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் சில ஆண்டுகளாக நன்னீர் இறால் வளர்த்து வருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்து தொட்டி வைக்கத் தொடங்கும் நண்பர்கள் கேட்பவற்றில் பாதிக்கு மேல் தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்பதைப் பற்றியே இருக்கின்றன. கடைகளில் 'சப்ஸ்ட்ரேட்' என்று சொல்லப்படும் அந்த மணல் அல்லது மண் பரப்பை இங்கே அடிப்படுகை என்று குறிப்பிடுகிறேன்.

எந்த இறாலைப் பற்றிய பேச்சு இது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் உப்புநீர்க் குட்டைகளில் வளர்த்து ஏற்றுமதி செய்யும் வன்னாமி இறாலைப் பற்றியது அன்று. கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படும், முழு வளர்ச்சியிலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத நன்னீர் இறால்களைப் பற்றியது. இவற்றில் இரண்டு கூட்டங்கள் முக்கியமானவை. முதலாவது நியோகரிடினா, சிவப்புச் செர்ரி இறாலும் அதன் மஞ்சள், நீல, ஆரஞ்சு வகைகளும் இதில் அடங்கும். இரண்டாவது கரிடினா, வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக அமைந்த கிறிஸ்டல் ரெட் இதில் பெயர் பெற்றது. முதற்கூட்டம் பி.எச். 6.5 முதல் 8 வரையிலான நீரில் வாழ்ந்து பெருகும். இரண்டாவது கூட்டத்துக்குப் பி.எச். 7-க்குக் கீழும், கார்பனேட் கடினத்தன்மை (நீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) ஏறத்தாழப் பூஜ்யமாகவும், நீர் 24 டிகிரிக்கு மேல் சூடேறாமலும் இருக்க வேண்டும். எந்தக் கூட்டத்தை வளர்க்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் அடிப்படுகையை வாங்குவது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் மோதிரம் செய்யக் கொடுப்பதைப் போன்றது.

அடிப்படுகை இல்லாமலே இறால் வளர்க்க முடியாதா?

முடியும். விற்பனைக்காகப் பெருக்குபவர்களில் பலர் வெறும் கண்ணாடித் தரையோடுதான் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் இறால் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி. மணலின் ஒவ்வொரு பருக்கையின் மேலும் படரும் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் அதற்கு மேய்ச்சல் நிலம்; குறிப்பாக, கண்ணுக்குத் தெரியும் அளவே உள்ள குஞ்சுகள் அந்தப் படலத்தைத் தின்றே முதல் வாரங்களைக் கடக்கின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கும் அந்தப் பரப்பு பயன்படுகிறது. வீட்டில் ஒரே தொட்டி வைத்திருப்பவர் அதை விட்டுவிட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் ஒரே ஊரில்கூட இரண்டு தெருக்களின் தண்ணீர் ஒத்திருப்பதில்லை. கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியாக வரும் கூட்டுக் குடிநீர் ஒரு தன்மையில் இருக்கும். அதே வீட்டின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் வேறு தன்மையில் இருக்கும். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். துவரம்பருப்பு வேக மறுக்கிற, வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவு கட்டுகிற தண்ணீர் எதுவென்று வீட்டில் சமைப்பவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். அது கடின நீர், அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்திருக்கின்றன. அதற்கு மேல் எண்களாக அறிய, நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் பேனா வடிவ டி.டி.எஸ். மானி ஒன்றும், ஜி.எச்., கே.எச். அளக்கும் சொட்டுப் பரிசோதனைக் குப்பிகளும் போதும். ஜி.எச். என்பது மொத்தக் கடினத்தன்மை, கே.எச். என்பது கார்பனேட் கடினத்தன்மை. இரண்டிலும் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

இரண்டு முறை அளப்பது நல்லது. மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணையைத் தாண்டிப் புதுத்தண்ணீர் வந்து வாய்க்கால்கள் ஓடும் காலத்தில் ஆற்றை ஒட்டிய கிணறுகளின் நீர் பல இடங்களில் இளகிவிடும்; சித்திரை, வைகாசியில் அதே கிணறு கடுப்பேறியிருக்கும். ஆடியில் ஒரு முறை அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் அதையே நம்பக்கூடாது.

அளந்த பின் முடிவு எளிது. கே.எச். 4-க்கு மேலும் பி.எச். 7-க்கு மேலும் உள்ள நீரைத்தான் பயன்படுத்தப்போகிறோம் என்றால் செர்ரி இறாலும், நீரோடு வினைபுரியாத மணலும் பொருத்தம். கரிடினாதான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. நீரும், அதில் சேர்க்க இறாலுக்கான தாது உப்பும், நீரைப் புளிப்பாக்கும் 'சாயில்' எனப்படும் சுட்ட மண் உருண்டைகளும், கோடைக்குக் குளிரூட்டியும் தேவைப்படும். செலவு அங்கேதான் கூடுகிறது, சாயில் பையின் விலையில் அல்ல.

ஆற்று மணல் போதுமா?

செர்ரி இறாலுக்குப் போதும், நன்றாகவே போதும். காவிரி கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும்தான்; இவை நீரின் பி.எச்.சையோ கடினத்தன்மையையோ மாற்றுவதில்லை. இடையிடையே மின்னும் கரும்பருக்கைகள் கனமான தாதுக்கள். சில காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் தீங்கு செய்வதில்லை.

எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் கவலை. ஆற்றில் மணல் அள்ள அரசின் அனுமதி வேண்டும். ஒரு தொட்டிக்காக ஆற்றில் இறங்கிச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவது முறையும் ஆகாது, தேவையும் இல்லை. கட்டடப் பொருள் விற்பவரிடம் ஒரு மூட்டை வாங்கினால் இரண்டு தொட்டிகளுக்கு வரும். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிக் கிடக்கும் குவியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நான் அப்படித்தான் எடுத்தேன். பக்கத்து மனையில் கலவை போட்ட இடத்தின் ஓரத்தில் கிடந்த மணல் அது. பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. எத்தனை முறை கழுவியும் தண்ணீர் இலேசான பால் நிறத்தில் வந்ததை வெறும் தூசி என்று எண்ணி விட்டுவிட்டேன். தொட்டியில் இட்ட மூன்றாம் நாள் பி.எச். 9-ஐத் தாண்டியிருந்தது, விட்ட பன்னிரண்டு இறால்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. மணலோடு கலந்திருந்த சிமென்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. தெருப் பூனைகள் அந்தக் குவியலை எதற்குப் பயன்படுத்தியிருந்தன என்பது தனிக் கதை.

மணலில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டையும் செய்வது நல்லது.

முதலாவது வினிகர் சோதனை. நன்கு காய்ந்த மணலை இரண்டு கரண்டி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வெள்ளை வினிகரை ஊற்றி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஊற்றிய உடனே எழும் குமிழிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை பருக்கைகளுக்கு இடையே சிக்கியிருந்த காற்று, அரை நிமிடத்தில் நின்றுவிடும். அதன் பிறகும் ஒரே பருக்கையிலிருந்து சிறு குமிழிகள் சரம் சரமாக மேலேறிக்கொண்டே இருந்தால் அந்தப் பருக்கை சிப்பித் துண்டாகவோ சுக்கான் கல்லாகவோ இருக்கும். அமிலம் கார்பனேட்டைத் தாக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்று பொருள். டம்ளரைக் காதருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல்கூடக் கேட்கும். ஓரிரு பருக்கைகள் மட்டும் பொங்கினால் செர்ரி இறாலுக்குக் கேடில்லை. டம்ளர் முழுவதும் பொங்கினால் அந்த மணல் கட்டட வேலைக்கே போகட்டும்.

வினிகர் மெல்லிய அமிலம் என்பதால் மெதுவாகக் கரையும் கலப்புகள் அதில் தப்பிவிடக்கூடும். ஆகவே இரண்டாவதாக ஊறல் சோதனை. கழுவிய மணல் ஒரு பங்குக்கு ஆர்.ஓ. நீர் அல்லது சுத்தமான மழைநீர் இரண்டு பங்கு சேர்த்து ஒரு புட்டியில் மூடி வைக்க வேண்டும். அதே நீரை மட்டும் இன்னொரு புட்டியில் வைக்க வேண்டும். ஏழு நாட்களுக்குப் பிறகு இரண்டின் டி.டி.எஸ்., பி.எச். அளவுகளை ஒப்பிட்டால் மணல் எவ்வளவு கரைத்துவிட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். டி.டி.எஸ். இருபது, முப்பது கூடினால் நான் ஏற்றுக்கொள்வேன். நூறு கூடினால் கொட்டிவிடுவேன். என்னுடைய சிமென்டு கலந்த மணலுக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஏழு நாட்கள் செலவாகியிருக்கும், அவ்வளவுதான்.

கடற்கரை மணல், எம்-சாண்ட், வயல் மண் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

கடற்கரை மணல் வேண்டாம். உப்பைக் கழுவி நீக்கிவிடலாம்; சிப்பித் தூளை நீக்க முடியாது. எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து எடுப்பது; வேதியியல் முறையில் பெரும்பாலும் குற்றமில்லை என்றாலும் அதில் நுண்தூள் மிகுதி, விளிம்புகளும் கூர்மையானவை. வேறு வழியில்லாதபோது சலித்துக் கழுவிப் பயன்படுத்தலாம்.

வயல் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செடி வளர்ப்பவர்கள் மணலுக்கு அடியில் ஒரு அடுக்கு மண் போடும் வழக்கம் உண்டு, நமக்கோ வீட்டுக் கொல்லையைத் தாண்டினாலே வண்டல் மண் கிடக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் குருத்துப்பூச்சி, புகையான் என்று தெளிக்கப்படும் மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும்படி உருவாக்கப்பட்டவை. இறாலும் பூச்சியைப் போலவே கணுக்காலி இனம். பூச்சியைக் கொல்லும் நஞ்சு அதற்கும் நஞ்சே. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவிலேயே இறால் துள்ளி விழுந்து மல்லாந்துவிடும். போதாக்குறைக்கு யூரியாவும், செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளும் அந்த மண்ணில் இருக்கலாம். செப்பு இறாலுக்கு மிகச் சிறிய அளவிலேயே ஆகாது. வாய்க்கால் மண்ணும் வயல் வடிகாலைக் குடித்த மண்தான். வல்லம் பக்கத்துச் செம்மண்ணை நம்பிக்கையான, மருந்து படாத இடத்திலிருந்து எடுத்து மணலுக்கு அடியில் மெல்லிய அடுக்காக இட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் தொட்டியிலேயே அதை முயல வேண்டாம்.

அழகுக்கு வைக்கும் கற்களுக்கும் இதே சோதனை பொருந்தும். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கிருந்து வரும் புதைபடிவக் கற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நீரின் கடினத்தன்மையை ஏற்றும். பழைய வீட்டை இடித்த செங்கற்களை வைப்பவர்கள் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுக்காமல் வைக்கக்கூடாது.

மணலை எப்படித் தயாரிப்பது?

முதலில் சலிக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையுள்ள பருக்கைகள்தான் நமக்கு வேண்டியவை. சன்னலுக்கு அடிக்கும் கொசுவலைத் துண்டை ஒரு மரச்சட்டத்தில் அடித்து அதில் சலித்தால் பொடி மணல் கீழே போய்விடும். மேலே தங்குவதைப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் மறுபடி சலித்துக் கூழாங்கல்லையும் வேரையும் நீக்கலாம். பொடி மணல் ஏன் கூடாது என்றால், அது நாளடைவில் இறுகிப்போய் உள்ளே நீரோட்டமே இல்லாமல் ஆகிவிடும். உயிர்வளி இல்லாத அந்த இடங்களில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும்.

பிறகு கழுவ வேண்டும். ஒரு வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல் போடக்கூடாது. நிறையப் போட்டால் மேலே உள்ளது மட்டுமே கழுவப்படும். குழாயை வாளியின் அடிவரை இறக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அரிசி களைவதைப் போல அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டி விட்டு, கலங்கல் வழிந்து போகும்படி சாய்க்க வேண்டும். முதல் ஐந்தாறு தண்ணீர் டீயைப் போல வரும், அதன் பிறகு நீராகாரத்தைப் போல வரும். என் கணக்கில் பன்னிரண்டு முதல் பதினைந்து தண்ணீர் வரை ஆகிறது. கழுவி முடித்த மணலை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுக் கலக்கி வைத்து, ஒரு நிமிடத்தில் நீர் தெளிந்து எதிர்ப்புறம் உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும். சோப்பும் பாத்திரம் துலக்கும் தூளும் அருகில் வரக்கூடாது.

கடைசியாக, கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிட்டு, மொட்டை மாடியில் தார்ப்பாயில் மெல்லிதாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமாகக் கிடந்த மணலில் நத்தை முட்டையும், ஹைட்ராவும், தட்டாரப்பூச்சியின் புழுவும் ஒளிந்திருக்கலாம். தட்டான் புழு ஒன்று தொட்டிக்குள் வந்துவிட்டால் மணலில் பதுங்கிக்கொண்டு நாள்தோறும் இறாலைப் பிடித்துத் தின்னும். எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தண்ணீரைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். நம் ஊர் வெயிலைத் தாங்கி மிஞ்சும் புழு எதையும் நான் கண்டதில்லை. பெரிய கற்களை மட்டும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்க வேண்டாம். உள்ளே ஈரம் சிக்கிய கல் வெடித்துவிடக்கூடும்.

ஆக்வா சாயில் யாருக்குத் தேவை?

சுட்ட மண் உருண்டைகளாகப் பையில் வரும் இந்தச் சாயில் வெறும் பரப்பு அன்று. அது நீரோடு வினைபுரிவது. நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை விடுவதால் கார்பனேட் கடினத்தன்மை கரைந்து பி.எச். இறங்குகிறது. ஜப்பானிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அமேசானியா இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. கரிடினா வளர்ப்பவருக்கு இது இல்லாமல் முடியாது.

ஆனால் இந்தத் திறன் ஒரு சேமிப்புக் கணக்கைப் போன்றது. எடுக்க எடுக்கக் குறையும். ஆர்.ஓ. நீரில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை தாங்குவது, கடினமான ஆழ்குழாய் நீரில் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு உருண்டைகள் நசுங்கிச் சேறாகிப் போவதும் உண்டு. செர்ரி இறாலையும் ஆழ்குழாய் நீரையும் வைத்துக்கொண்டு சாயில் வாங்குபவர்கள், ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும் பி.எச்.சைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது என் கருத்து.

சாயிலைக் கழுவக்கூடாது, உருண்டைகள் உடைந்துவிடும். பையைப் பிரித்து அப்படியே பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, அந்தத் தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். முதல் சில வாரங்கள் பல சாயில்கள் அம்மோனியாவை வெளிவிடும். அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறும்போது ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. ஆகவே கடின நீரை ஊற்றிய புதுச் சாயில் தொட்டியில் இறாலை விடுவது இரட்டைத் தவறு.

எவ்வளவு ஆழம், எத்தனை கிலோ?

செடி அதிகம் இல்லாத செர்ரி தொட்டிக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர். வேர் விடும் செடிகள் இருந்தால் ஐந்து, ஆறு. நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மணல் என்றால் அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோ. 60-க்கு 30 தரையுள்ள தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு 7.2 லிட்டர், அதாவது சுமார் பதினொன்றரைக் கிலோ மணல். அதே தரையில் ஒன்பது லிட்டர் சாயில் பை சரியாக ஐந்து சென்டிமீட்டருக்கு வரும்.

நிறம் முக்கியமா?

இறாலின் உடல்நலத்துக்கு முக்கியமில்லை; பார்ப்பவருக்கு முக்கியம். வெளிர் மணலில் செர்ரி இறால் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், கருமையான தரையில் சிவப்பைக் கூட்டிக்கொள்ளும். நம் ஆற்று மணல் இரண்டுக்கும் இடைப்பட்டது. கறுப்பு வேண்டும் என்றால் பசால்ட் மணல் வாங்கலாம். சாயம் பூசிய மலிவான கலர் கற்கள் வேண்டாம், பூச்சு உரிந்து வரும்.

பரப்பிய பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

குறைந்தது நான்கு வாரம். ஆறு வாரம் என்றால் நிம்மதி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்ட வேண்டும், மணலின் மேல் இலேசான பழுப்புப் பாசி படர்ந்திருக்க வேண்டும். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொண்டுவந்து வைத்தால் காலம் குறையும். இந்த நாட்களில் காய்ந்து சிவந்து தானே உதிர்ந்த வாதாங்கொட்டை மரத்து இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டு வைக்கலாம். அது மெல்ல மட்கும்போது அதன் மேல் படரும் படலத்தை இறால்கள் நரம்பு மட்டும் மிஞ்சும்வரை மேய்வதைப் பார்க்கலாம். சாலையோரத்து இலையில் புகையும் கொசுமருந்தும் படிந்திருக்கும். கோயில் நந்தவனத்திலோ பள்ளி மைதானத்திலோ பொறுக்குவது மேல்.

கோடையிலும் மின்தடையிலும் அடிப்படுகையால் ஏதும் சிக்கல் வருமா?

வரும். 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையக்கூடிய உயிர்வளி, 32 டிகிரியில் 7.3 ஆகக் குறைந்துவிடும். அதே சூட்டில் படுகைக்குள் சிக்கிய மிச்சத் தீனி விரைவாக அழுகி, இருக்கிற உயிர்வளியையும் உறிஞ்சும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று பம்ப் நின்றுபோன அத்தகைய நாட்களில் ஆழமான, அழுக்கு சேர்ந்த படுகையைவிட மெல்லிய, சுத்தமான மணல் பாதுகாப்பானது. மழைக்காலத்துக்கு முன்பே படுகையை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது, எப்போது மாற்றுவது?

பெரிய உறிஞ்சு குழாய் குஞ்சுகளையும் சேர்த்து இழுத்துவிடும். காற்று பம்பின் மெல்லிய குழாயின் நுனியில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, மணலைக் கிளறாமல் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சலாம். வெளியேற்றிய நீரை வெள்ளை வாளியில் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்த பிறகே கொட்ட வேண்டும். எப்படியும் ஒரு குஞ்சாவது அதில் இருக்கும்.

ஆற்று மணலை மாற்ற வேண்டியதே இல்லை. சாயிலை மட்டும், பி.எச். மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும்போது மாற்ற வேண்டும். இறால்களையும் பழைய நீரையும் ஃபில்டரையும் ஒரு வாளிக்கு மாற்றிவிட்டுப் பழைய சாயிலை அள்ளிப் புதியதை இட்டு, அம்மோனியா அடங்கும்வரை அந்த வாளியிலேயே அவற்றை வைத்திருங்கள். இரண்டு, மூன்று வாரம் வாளியில் இருப்பதால் இறாலுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வாளியின் மேல் ஒரு வலை இருக்க வேண்டும்.